ஒரு ரூபாய்ச் சம்பளத்திலிருந்து ஹைகோர்ட்டு வரை

தெருவிளக்கின் கீழ் அமர்ந்து படித்துப் பெரிய உத்தியோகத்துக்கு வந்தவர் என்று ஸர் டி. முத்துஸ்வாமி ஐயரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, அவருடைய சரித்திரத்தில் அந்த விளக்கைத் தவிர வேறொன்றும் நம் ஞாபகத்தில் நில்லாதபடி செய்துவிட்டோம். சென்னை ஹைகோர்ட்டில் வெறுங்காலோடு வீற்றிருக்கும் அவருடைய பளிங்குச் சிலையைத் தரிசித்துத் திரும்புகிறவர்களும் விளக்கையே பேசுகிறார்கள். தரித்திரத்தில் படித்தவர்களுக்கு அக்காலத்தில் குறைவில்லை. கிராமக் கணக்கில் ஆரம்பித்து, இடையிலிருந்த படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து, ராஜதானியின் தலைமை நியாயஸ்தலத்தை அடைந்தவர்கள்தாம் அரியர்.

தஞ்சை ஜில்லா உச்சுவாடியில் 1832-ஆம் வருஷம் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, ஒரு கிராமக் கணக்கருக்கு உதவியாக மாதம் ஒரு ரூபாய்க்கு அமர்ந்த அந்தப் பையன், ஆற்றங்கரை உடைப்பு ஒன்றைப் பற்றித் தாசில்தார் முத்துஸ்வாமி நாயக்கர் விசாரித்தபோது, சேத விவரங்களைப் பிசகின்றி ஒப்பித்தான் என்றும், நம்பாத தாசில்தார் ஆள் விட்டுச் சோதித்து வியந்தார் என்றும் கூறுவர். அந்த வியப்பின் பயனாக நாகப்பட்டினத்து மிஷன் பள்ளியும், பிறகு சென்னையில் ஆசிரியர் பவல் துரையின் போதனையும் அவருக்கு வாய்த்தன. 1854-இல் ஆங்கில வியாசப் போட்டியில் பெற்ற பரிசு 500 ரூபாய். பழைய சம்பளத்தில் கணக்கிட்டால் அது நாற்பத்தொரு வருஷத்து ஊதியத்துக்கும் மேல்.

தரங்கம்பாடியில் முன்சீப், பின்பு டிப்டி கலெக்டர், மங்களூரில் பிரதான ஸதர் அமீன், சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட், ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதி என்று போன அந்த உத்தியோகங்களுக்கு நடுவே, 1871-இல், முப்பத்தொன்பதாம் பிராயத்தில், பி.எல். பரீட்சையும் தேறினார். மிராசு, குத்தகை, வாய்க்கால் பாத்தியம் என்ற விவகாரங்களைச் சீமையிலிருந்து வந்த நீதிபதிகள் மொழிபெயர்ப்பாளன் வாய்வழியே அறிய வேண்டியிருக்க, இவரோ கணக்குச் சுவடியைப் புரட்டிய கையாலேயே தீர்ப்பும் எழுதினார். அவருடைய மேதையின் வேர் இங்கேதான் இருந்தது என்பது என் அபிப்பிராயம். மாஜிஸ்திரேட்டாக இருக்கையில், இந்தியன் ஒருவனை அடித்த வெள்ளைக்கார ஹைகோர்ட்டு நீதிபதிக்கே சம்மன் அனுப்பினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது.

1878-இல் அவர் ஹைகோர்ட்டு நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது, அந்த ஆசனத்தில் அமரும் முதல் இந்தியர் என்ற காரணமே சென்னையிலிருந்த ஆங்கிலேயர் பத்திரிகைகளுக்குப் பொறுக்கவில்லை. அவற்றுக்குப் பதிலுரைக்க இந்தியர் கையில் பத்திரிகை இல்லையே என்று மனம் புழுங்கிய ஆறு வாலிபர்கள், திருவல்லிக்கேணிக்காரர்கள், அவ்வருஷம் செப்டம்பர் 20-இல் ‘ஹிந்து’வை வாரப் பத்திரிகையாகத் தொடங்கினார்கள். முதல் இதழ் 80 பிரதிகள். அச்சுச் செலவுக்குக் கடன் வாங்கியது ஒன்றே முக்கால் ரூபாய். எதிர்த்த பத்திரிகைகள் தம்மையறியாமல் செய்த உபகாரம் இது.

1893-இல் சில மாதங்கள் பிரதம நீதிபதியின் ஸ்தானத்தையும் வகித்து, ஸர் பட்டமும் பெற்ற அவரிடம், அதற்கு முன்பே, 1891-இல், மலபார் விவாகக் கமிஷனின் தலைமை ஒப்படைக்கப்பட்டிருந்தது. தாய்வழியே வம்சம் தொடரும் மருமக்கத்தாயக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த சம்பந்தம் என்ற மண உறவை அக்காலத்து நியாயஸ்தலங்கள் சட்டபூர்வமான விவாகமாக ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சிக்கலை அவிழ்ப்பதே கமிஷனின் வேலை. 1895 ஜனவரியில் ஐயர் காலமானார். மலபார் விவாகச் சட்டம் மறுவருஷம் அமலுக்கு வந்தது. இஷ்டமுள்ளவர்கள் தம் சம்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று அது இடம் கொடுத்தும், பதிவு செய்துகொள்ள முன்வந்தவர்கள் மிகச் சிலரே.