பீப்பாயில் புகை போடும்போது கவனிக்க வேண்டியவை

லயத்துக்குப் பின்னால பழைய தகரப் பீப்பாயில் இறைச்சிக்குப் புகை போடுறோம். மேலே கருகிப் போகுது, உள்ளே பச்சையாய் நிற்குது. ஏன்? நெருப்பின் அனல் நேராக இறைச்சியில் படுவதால்தான்.

நடுவே மணல் பரப்பிய தகரத் தட்டு ஒன்றை வையுங்கள்; ஓரத்தில் புகை ஏற இடம் விடுங்கள். அடியில் 4 துளை, மூடியில் 2 துளை போடுங்கள். புகை தேங்கினால் கசக்கும். காய்ந்த கொய்யா விறகு நல்லது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் கிடைக்கிற பைனஸ் வேண்டாம். அதன் பிசினால் கரி படியும்.

களைநாசினி இருந்த பீப்பாயைக் கழுவியும் பாவிக்காதீர்கள். வீட்டுக்குள் புகை போடாதீர்கள். பிள்ளைகளின் நெஞ்சுக்கு ஆகாது. புகை போட்ட இறைச்சியையும் நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள்.