முயல் கடிக்கிறதா? காரணத்தைத் தேடுங்கள்

பெருநாட் காசு கையில் சேர்ந்ததும் எமது பிள்ளைகள் பலருக்கு ஞாபகம் வருவது முயல்தான். ஒரு சோடி வாங்கி, பழப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். முதல் மாதம் வீடே அதைத் தூக்கிக் கொஞ்சும். நான்கைந்து மாதம் சென்றதும் முறைப்பாடு தொடங்கும். "கடிக்குது, கூட்டைப் பிறாண்டுது, கண்ட இடமெல்லாம் மூத்திரம் அடிக்குது." தீனி போடுவதும் கூடு கழுவுவதும் அதற்குள் உம்மாவின் வேலையாகியிருக்கும். "அறுத்துப் போடுங்க, இல்லாட்டி எங்கேயாவது விட்டுட்டு வாங்க" என்று தீர்ப்புச் சொல்வதும் பெரும்பாலும் அவர்தான். சகோதரிகளே, அந்தத் தீர்ப்புக்கு முன்னர் சில விடயங்களைக் கவனியுங்கள்.

நாம் கூட்டில் வளர்க்கும் முயலின் பூர்வீகம் ஸ்பெயினும் போர்த்துக்கலும். எமது வரலாற்று நூல்கள் அந்தலுஸ் என்று சொல்லும் அதே மண். அங்கே நிலத்தில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த பிராணி அது. பருந்து, நரி, கீரி என எல்லாவற்றுக்கும் இரையாகும் உயிர். ஓடுவதும் ஒளிப்பதும்தான் அதற்குத் தெரிந்த பாதுகாப்பு. இரண்டுக்கும் வழியில்லாத கூட்டில் கடைசியாக மிஞ்சுவது பல்.

முயலின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. பின்னால் வருவதைக்கூட அது காணும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது தெரியாது. பிள்ளை முகத்துக்கு நேரே விரலை நீட்டினால் அது கடிப்பதில் வியப்பில்லை. மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்துதான். பக்கவாட்டாகக் கையைக் கொண்டுபோய், முதலில் நெற்றியைத் தடவப் பழக்குங்கள். காதைப் பிடித்துத் தூக்குவதை அடியோடு நிறுத்துங்கள். ஒரு கை நெஞ்சுக்குக் கீழ், மறு கை பின்பக்கத்தைத் தாங்கி இருக்க வேண்டும். முயலின் முதுகெலும்பு மெல்லியது. அந்தரத்தில் உதைத்துத் துள்ளினால் அது முறிந்து பின்னங்கால்கள் வழங்காமல் போகும். சிறு பிள்ளைகள் தூக்காமல், பாயில் உட்கார்ந்து மடியருகே வரவிடுவது நல்லது. கடித்ததற்காக அடித்தால், கை என்றாலே ஆபத்து என்று அது உறுதியாக நம்பிவிடும்.

சாதுவாக இருந்த முயல் திடீரென்று கடிக்கத் தொடங்கினால் நோவு இருக்கிறதா என்று பாருங்கள். பல் நீண்டு கன்னத்தில் குத்தலாம். கம்பித் தரையில் நின்று பாதம் புண்ணாகியிருக்கலாம். கூட்டின் ஒரு பகுதியிலாவது பலகை போட்டுக் கொடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தீனி எடுக்காத முயல் ஆபத்தான நிலையில் இருக்கிறது. மிருக வைத்தியரிடம் காட்டுவதை நாளைக்கென்று வைக்காதீர்கள்.

வெக்கையையும் மறக்க வேண்டாம். எமது வாவிக் கரையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் மனிதராலேயே இருக்க முடிவதில்லை. முயலுக்கு எம்மைப் போல் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் காதுகளின் வழியாகத்தான் உடல் வெப்பத்தை வெளியேற்றும். 30 பாகையைத் தாண்டினாலே தவிக்கும். கிடுகு வேய்ந்து, பக்கத்தில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, மண் சட்டியில் எப்போதும் தண்ணீர் வையுங்கள்.

பிறாண்டுவது, கறம்புவது பற்றியும் சொல்ல வேண்டும். முயலின் பற்கள் ஆயுள் முழுக்க வளர்பவை; அவற்றைத் தேய்க்க அது எதையாவது மென்றுகொண்டே இருக்க வேண்டும். சோறும் பாணும் பிஸ்கட்டும் போட்டால் பல்லும் தேயாது, வயிறும் கெடும். புல்தான் பிரதான தீனி. கொய்யாக் கொப்பு ஒன்றைக் கூட்டுக்குள் போட்டால் கதவுச் சட்டம் தப்பும். இப்பில் இப்பில் இலையை அள்ளிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள நஞ்சால் முயலின் மயிர் உதிரும். கரண்ட் வயர் உள்ள அறையில் அவிழ்த்து விடவே கூடாது.

காத்தான்குடி போன்ற மணற்பாங்கான ஊர்களில் வளவில் விட்ட முயல் ஒரே இரவில் மதிலுக்கு அடியால் அடுத்த வளவுக்குப் போய்விடும். தோண்டுவதை நிறுத்த முடியாது. தோண்ட ஓர் இடம் கொடுக்கலாம். ஒரு பெட்டி நிறைய மணல் போதும். மணலில் தோண்டிய வளை இலகுவில் இடியும். மாரி வந்தால் தண்ணீர் ஏறிக் குட்டிகள் உள்ளேயே சாகும். ஆகவே வளவின் ஓரமாகக் கம்பி வலையை மண்ணுக்குள் இரண்டடி இறக்குங்கள்.

இரவுச் சத்தத்துக்கும் காரணம் உண்டு. முயல் உசாராகும் நேரம் மஃரிபும் சுபஹும். மஃரிபை ஒட்டிச் சிறிது நேரம் ஓடவிட்டுப் புல் போட்டால் நடுச்சாமப் பிறாண்டல் குறையும். பின்னங்காலால் தரையில் ஓங்கி அடிக்கும் சத்தம் வேறு. அது ஆபத்து அறிவிப்பு. எழுந்துபோய்ப் பாருங்கள், பூனையோ பாம்போ கூட்டருகே நிற்கலாம்.

மூத்திரம் பீச்சுவது பருவமடைந்த கடுவனின் எல்லைக் குறி. இரண்டு கடுவன்களை ஒரே கூட்டில் விட்டால் இரத்தம் வரச் சண்டை பிடிக்கும். விரை நீக்கும் சத்திர சிகிச்சையால் இரண்டும் பெருமளவு குறையும். அது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தனித் தனிக் கூடு என்பது எல்லோராலும் முடிந்த வழி. கடுவனையும் பெட்டையையும் பிரித்து வைக்காவிட்டால் ஈன்ற அன்றே மறுபடி சினைப்படும்.

குட்டிகளைத் தாய் கொன்றுவிட்டது என்று அழுகின்ற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். சினைக்காலம் சுமார் 31 நாள். 28ஆம் நாளளவில் வைக்கோல் இட்ட பெட்டியொன்றைக் கூட்டுக்குள் வைத்தால் தாய் தன் மயிரைப் பிடுங்கிப் படுக்கை அமைக்கும். பெட்டி இல்லாமை, தண்ணீர்த் தட்டுப்பாடு, நிமிடத்துக்கு ஒருவர் எட்டிப் பார்ப்பது, இவற்றால்தான் தலைப்பிரசவத்தில் அதிகம் கைவிடுகிறது. ஒரு நாளில் ஓரிரு தடவை, சில நிமிடம் மட்டுமே அது பால் கொடுக்கும். "தாய் கிட்டவே போகுதில்ல" என்று குட்டிகளை எடுத்து அதன்மேல் போடாதீர்கள். குட்டியின் வயிறு உருண்டிருந்தால் பால் குடித்திருக்கிறது.

தன் கழிவையே தின்னுவதைக் கண்டு அருவருத்து அடிப்பவர்களும் உண்டு. அது மென்மையான தனிக் கழிவு. தீனியின் சத்தை இரண்டாம் தடவை எடுக்கும் ஏற்பாடு. அதைத் தடுத்தால் முயல் மெலியும்.

முயல் இறைச்சி ஹலால், அதில் பேச்சில்லை. ஆனால் பிள்ளை பெயர் வைத்து வளர்த்த முயலை, அது பள்ளிக்கூடம் போன நேரத்தில் அறுத்துக் கறியாக்குவதை என் மனம் ஒப்பவில்லை. வாவியோரப் பற்றைக்குள் விடுவது அதைவிட மோசம். அன்றிரவே நாய்க்கு இரையாகும். பிழைத்தாலும் தீங்குதான்: 1859இல் அவுஸ்திரேலியாவுக்கு வேட்டைக்கெனக் கொண்டுவரப்பட்ட 24 முயல்கள் பெருகி அந்நாட்டின் பயிர் நிலங்களை அழித்ததை உலகம் அறியும். உண்மையிலேயே வளர்க்க முடியாவிட்டால் கூடும் இடமும் உள்ள ஒருவருக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது கடுவனா பெட்டையா, எந்தப் புல்லை விரும்பும், எப்படிப் பிடித்தால் பயப்படும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுங்கள்.