கவலை வயதைக் கூட்டும்

நமக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று, பிறந்த நாளில் இருந்து எண்ணும் வயது. மற்றொன்று, உடம்பு காட்டும் வயது. நாற்பது வயதில் சிலர் அறுபது போலத் தளர்ந்து விடுகிறார்கள். ஏன்? கடும் உழைப்பு, சத்தில்லாத உணவு, நோய் என்று பல காரணங்கள் உண்டு. தீராத கவலையும் ஒரு காரணம்.

சீன நாட்டில் ஒரு பழைய மருத்துவ நூல் உண்டு. அதன் பெயர் 'மஞ்சள் பேரரசர் மருத்துவ நூல்'. அது சுமார் 2,000 ஆண்டு பழமையானது. கோபம் கல்லீரலைக் கெடுக்கும். துக்கம் நுரையீரலைக் கெடுக்கும். பயம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இப்படிச் சொல்கிறது அந்த நூல்.

பிறக்கும்போதே நமக்கு உயிர்ச்சத்து கிடைக்கிறது. அது சிறுநீரகத்தில் சேர்ந்திருக்கிறது. இது சீன வைத்தியர்களின் எண்ணம். விளக்கில் எண்ணெய் குறைவது போல அது குறையும். அப்போது முடி நரைக்கும். எலும்பு தளரும். காது மந்தமாகும்.

இன்றைய அறிவியல் உயிர்ச்சத்து என்று எதையும் காணவில்லை. ஆனால் கவலை உடம்பைத் தேய்க்கும் என்பதை ஒப்புக்கொள்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல இரண்டு சுரப்பிகள் உள்ளன. நாம் பயந்தால் அவை ஒருவித நீரை இரத்தத்தில் கலக்கும். ஆபத்தில் தப்பி ஓட அது உதவும். நாள்தோறும் சுரந்தால் கெடுதல். தூக்கம் கெடும். இரத்த அழுத்தம் கூடும்.

படகுக் கயிற்றின் நுனி பிரியாமல் முடிச்சுப் போடுகிறோம் அல்லவா? நம் உடம்பின் அணுக்களுக்குள்ளும் அப்படிப்பட்ட நுனிகள் உண்டு. வயது ஏற ஏற அவை குட்டையாகும். 2004இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. தீராத நோயுள்ள பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள். மன அழுத்தம் மிகுந்த தாய்மாருக்கு அந்த நுனிகள் அதிகம் குட்டையாகி இருந்தன.

அதே ஆண்டு டிசம்பர் 26இல் நம் தீவுகளைச் சுனாமி தாக்கியது. அலை வடிந்தது. பயம் வடியவில்லை. நிலம் லேசாக ஆடினாலும் நெஞ்சு படபடத்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இருந்து மனநல மருத்துவர்கள் இங்கே வந்தார்கள். முகாம்களில் மக்களின் துயரத்தைக் கேட்டார்கள். மனம் விட்டுப் பேசுவதும் மருந்துதான்.

'ஆண்பிள்ளை அழலாமா?' என்று கேட்பார்கள். அழலாம். அடக்கக் கூடாதவை பதினான்கு என்கிறது நம் சித்த மருத்துவம். கண்ணீரும் தூக்கமும் அதில் அடக்கம்.

எனவே கவலையை உள்ளே பூட்டி வைக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். தினமும் நடங்கள். மெதுவாக மூச்சு விடுங்கள். சீனாவில் முதியவர்கள் காலையில் பூங்காக்களில் கூடி, மெதுவாகக் கை கால் அசைத்துப் பயிற்சி செய்கிறார்கள். காசு செலவில்லாத வழி இது.

இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லையா? சாப்பாடு பிடிக்கவில்லையா? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அதில் வெட்கம் வேண்டாம்.

கடலுக்குப் போனவர் கரை திரும்பும் வரை வீட்டில் கவலை இருக்கும். அதைத் தனியாகச் சுமக்க வேண்டாம்.