இருபதில் பத்தொன்பது கற்பனை! பெரிய டிவி பற்றி இதெல்லாம் தெரியுமா?

கடையில் கண்ணைப் பறித்த அதே டிவி, வீட்டு ஹாலில் மாட்டி கேபிளைச் சொருகியதும் ஏன் கலங்கலாகத் தெரிகிறது, தெரியுமா? டிவியில் கோளாறு இல்லை. ஒரு வகுத்தல் கணக்குதான் காரணம்!

4கே திரையில் அகலவாக்கில் 3840 புள்ளிகள், உயரவாக்கில் 2160. பெருக்கினால் 82,94,400. நம் வீட்டுக்கு வரும் சாதாரண எஸ்.டி. சேனலில் மிஞ்சிப் போனால் 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். அதை இதால் வகுத்துப் பாருங்கள். மீதியே வராமல், கச்சிதமாக 20! சேனல்காரர் அனுப்புவது ஒரு புள்ளி, திரை நிரப்ப வேண்டியது இருபது. பாக்கி 19-க்கு எங்கே போவது? உள்ளே இருக்கும் சிப், அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து, இங்கே இந்த நிறம்தான் இருந்திருக்கும் என்று தானே ஊகித்துப் போட்டுவிடுகிறது. ராத்திரி எட்டு மணி சீரியலில் மாமியார் முறைக்கும் அந்த முறைப்பில், இருபதில் பத்தொன்பது பங்கு சிப்பின் சொந்தக் கற்பனை!

கடையில் ஓடுவதோ கம்பெனியே எடுத்துக் கொடுத்த 4கே டெமோ. கிளி, அருவி, ஆரஞ்சுப் பழத்தில் சொட்டும் நீர். வெளிச்சத்தையும் நிறத்தையும் உச்சத்துக்கு ஏற்றும் கடை மோடு வேறு. அந்தக் கிளியை நம்பிப் பணம் கட்டாதீர்கள். டெமோவை நிறுத்திவிட்டு, உங்கள் வீட்டில் தினம் ஓடும் சேனலைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, இன்ச் கணக்குக்கு வருவோம். 55 இன்ச் என்பது மூலைக்கு மூலை சாய்வாக அளந்த அளவு. அகலம் சுமார் 122 சென்டிமீட்டர், அதாவது நான்கு அடி. பத்தே இன்ச் கூட்டி 65 வாங்கினால் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் திரையின் பரப்பு 40 சதவீதம் கூடிவிடுகிறது! 2006-க்குப் பிறகு தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போன அரசு இலவச கலர் டிவி நினைவிருக்கிறதா? அது 14 இன்ச். இன்றைய 65 இன்ச்சின் பரப்பில் அப்படிப்பட்ட திரைகள் சுமார் 19 அடங்கும்! 

பெரிது வாங்கினால் கண் கெட்டுவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று உண்மையில் நடக்கும் தப்பு அதற்கு நேர் எதிர். பெரும்பாலும் நாம் தேவைக்கு மேல் தள்ளி உட்கார்ந்திருக்கிறோம்! நல்ல பார்வை உள்ள கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைத்தான் பிரித்துப் பார்க்க முடியும். அதைவிட நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகிவிடும். இந்தக் கணக்கை 55 இன்ச்சுக்குப் போட்டால், ஏழேகால் அடி தாண்டியதும் ஃபுல் எச்.டி. புள்ளிகளையே கண்ணால் பிரிக்க முடியாது. பன்னிரண்டு அடி தூரத்தில் சோபாவைப் போட்டுக்கொண்டு 4கே-க்குக் கொடுத்த கூடுதல் பணம் என்ன ஆனது? கண்ணுக்கு எட்டாத புள்ளிகளுக்குப் போனது! திரை நம் பார்வையில் 30 பாகை அகலத்துக்கு நிறைய வேண்டும் என்பது சினிமாப் பொறியாளர்கள் வைத்திருக்கும் ஓர் அளவு. அதன்படி 43 இன்ச்சுக்கு ஆறடிக்குள், 55-க்கு ஏழரை அடி, 65-க்கு ஒன்பது அடிக்குச் சற்றுக் குறைவு. பன்னிரண்டு அடியில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தால்? கிட்டத்தட்ட 88 இன்ச் வேண்டும்! ஆகவே விலையைப் பார்க்கும் முன் சோபாவிலிருந்து சுவர் வரை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

55, 65, 75 என்றே ஏன் எல்லாக் கம்பெனியும் அடிக்கிறது, தெரியுமா? பதில் கண்ணாடித் தொழிற்சாலையில் இருக்கிறது. டிவி பேனல் ஒவ்வொன்றாகப் பிறப்பதில்லை. பிரம்மாண்டமான ஒரே கண்ணாடித் தகட்டில் மொத்தமாகச் செய்து, தட்டில் ஊற்றிய மைசூர்பாகைத் துண்டு போடுவதுபோல் வெட்டி எடுக்கிறார்கள். 2.2 மீட்டருக்கு 2.5 மீட்டர் தகட்டில் 55 இன்ச் ஆறு துண்டு, அதிகம் வீணாகாமல் வரும். அதே தகட்டில் 65 போட்டால் மூன்றுதான் தேறும். அதனால்தான் ஒரு காலத்தில் 65 இன்ச் யானை விலை விற்றது. 2017 டிசம்பரில் சீனாவின் ஹெஃபெய் நகரில் 2.94 மீட்டருக்கு 3.37 மீட்டர் தகடு ஓடும் ஆலை திறந்தது. அதில் 65 இன்ச் எட்டு, 75 இன்ச் ஆறு! பெரிய திரைகளின் விலை சரிந்ததற்கு இந்த வெட்டுக் கணக்கு முக்கியமான காரணம்.

அந்தக் கண்ணாடிக்கு நடுவில் இருப்பது? திரவப் படிகம். அதைக் கண்டறிந்தவர் எலக்ட்ரானிக்ஸ்காரர் இல்லை, ஒரு தாவரவியலாளர்! 1888-இல் பிராக் நகரில் ஃபிரெட்ரிக் ரைனிட்சர், கேரட்டில் கிடைத்த கொலஸ்ட்ரால் வகைப் பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அது 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலானது. 178.5 டிகிரியில் மறுபடி தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று அவர் திகைத்த திகைப்பில் பிறந்த துறைதான் இன்று உங்கள் ஹால் சுவரில் தொங்குகிறது. பின்னாலிருந்து ஒளி கொடுக்கும் விளக்குக்கு வழிவகுத்த நீல எல்.இ.டி.-க்கு 2014-இல் இயற்பியல் நோபல். விலை கூடிய மாடல்களில் நிறத்தைக் கூர்மையாக்கும் குவாண்டம் டாட்டுக்கு 2023-இல் வேதியியல் நோபல். மாதத் தவணையில் இரண்டு நோபல் பரிசு!

இன்னொன்று செய்து பாருங்கள். திரையில் முழு வெள்ளைப் படம் போட்டு, செல்போன் கேமராவில் நன்றாகப் பெரிதாக்கி மிக அருகில் காட்டுங்கள். வெள்ளையைத் தேடினாலும் கிடைக்காது. சிவப்பு, பச்சை, நீலம் என்று குட்டிக் குட்டிக் கோடுகள் வரிசை கட்டி நிற்கும். (புள்ளிகள் தாமே ஒளிரும் ஓஎல்இடி திரைகளில் சிலவற்றில் மட்டும் நான்காவதாக வெள்ளையும் உண்டு.) 4கே திரை முழுக்க இப்படி இரண்டு கோடியே 48 லட்சத்துக்கும் மேல்! அப்படியே ரிமோட்டையும் சோதித்துவிடலாம். முன்பக்க கேமராவுக்கு நேரே பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி போன் திரையில் மினுக்கும். மினுக்கவில்லையா, முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

பழைய சிவாஜி படம்கூடப் புது டிவியில் நேற்று எடுத்த சீரியல் மாதிரி வழுக்கி வழுக்கி ஓடுகிறதா? சினிமா என்பது நொடிக்கு 24 படம். டிவி சும்மா இருக்காமல் இடையிடையே தானே புதுப் படங்களைச் செய்து செருகுகிறது. கிரிக்கெட்டுக்கு இது பரவாயில்லை. சினிமாவுக்கு இது துரோகம் என்றே சொல்வேன். ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸே 2018 டிசம்பரில் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியுடன் வீடியோ போட்டு, தயவுசெய்து அதை அணையுங்கள் என்று கேட்டுக்கொண்டார்! செட்டிங்கில் மோஷன் என்ற பெயரில் ஏதாவது ஒளிந்திருக்கும். ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தால் இன்னும் சுலபம், ஒரே பட்டன்.

முதல் நாள் செட்டப்பில் எல்லாவற்றுக்கும் 'சம்மதம்' என்று ஓகே தட்டிக்கொண்டே போவீர்களா? நில்லுங்கள்! நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பதைத் திரையிலிருந்தே அடையாளம் கண்டு அனுப்பும் வசதி பல ஸ்மார்ட் டிவிகளில் உண்டு. அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் இப்படி நொடிக்கு நொடி விவரம் சேகரித்தது என்ற வழக்கில், 2017-இல் 22 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

வீட்டுப் பராமரிப்பிலும் சில ஆச்சரியங்கள். ஓஎல்இடி வாங்கிவிட்டு நியூஸ் சேனலைக் காலை முதல் இரவு வரை ஓட விடும் வீடா? மூலையில் அசையாத லோகோவும் கீழே ஓடும் பட்டையும் நாளடைவில் திரையில் தழும்பாகவே பதியலாம். அப்படிப்பட்ட வீட்டுக்கு எல்இடி போதும். அம்மோனியா கலந்த கண்ணாடி ஸ்பிரே திரைப் பூச்சையே தின்றுவிடும். அணைத்துவிட்டு, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும். இடி இடிக்கும்போது பவர் பிளக்கை மட்டும் பிடுங்கினால் பாதி வேலைதான், கேபிள் வயரையும் கழற்றுங்கள். சுவரில் மாட்டும்போது கூரைக்குப் பக்கத்தில் ஏற்றாதீர்கள். உட்கார்ந்தால் கண் மட்டம் திரையின் நடுவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுத்துதான் பில் கட்டும்.

பில் என்றதும் நினைவு வருகிறது. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானது 2025 செப்டம்பர் 22 முதல். பழைய விலைச் சீட்டைக் காட்டி யாராவது தள்ளுபடி என்றால் உஷார்.

கடைசியாக ஒன்று. 1989-இல் சோனி விற்ற 43 இன்ச் பழைய குழாய் டிவியின் எடை சுமார் 200 கிலோ! இன்றைய 65 இன்ச்சை இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்கிவிடலாம். காரணம், எல்சிடி பேனலின் கண்ணாடி ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்தான். அதனாலேயே படுக்கப் போட்டுக் கொண்டுவந்தால் வளைந்து விரிசல் விழலாம், வெளி அட்டையில் ஒரு கீறல்கூடத் தெரியாது. டெலிவரிக்கு வந்தவர் எவ்வளவு அவசரப்பட்டாலும், பெட்டியைப் பிரித்து, திரையைப் போட்டுக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.