எச்சம் திரும்பி வரும், வெயில் வராது

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஏறி நின்றால், பறவைகளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஒரு வாடை மூக்கில் ஏறும். தண்ணீருக்குள் நிற்கிற கடப்ப மரங்களில் பல இலைகள் வெள்ளையடித்த மாதிரி இருக்கும். எல்லாம் பறவை எச்சம். மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்த ஊர் விவசாயிகள் இருநூறு வருஷத்துக்கும் மேலாக இந்தப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். அதற்கு இந்த எச்சமும் ஒரு காரணம். 1790-களில், செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் போய், பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று உத்தரவே வாங்கியிருக்கிறார்கள்.

எச்சத்துக்கும் நெல்லுக்கும் என்ன சம்பந்தம்? அதைத் தெரிந்துகொள்ள ஒரு நத்தையின் பின்னால் போகவேண்டும்.

வயலிலும் ஏரி ஓரத்திலும் உருண்டையாக, பழுப்பாக நத்தைகள் இருக்கும். பார்த்திருப்பீர்கள். பாசியையும் நீர்ச்செடியையும் தின்று வளர்கிறவை. ஆபத்து என்றால் உடம்பை உள்ளே இழுத்து, வாசலில் ஒரு மூடியைப் போட்டுக்கொள்ளும். அதைத் திறக்கத் தெரிந்தவர் நத்தைக்குத்தி நாரை. இந்த நாரை அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், நுனி மட்டும்தான் ஒட்டும். அந்த இடைவெளியில் வைத்து நத்தையை நொறுக்குகிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். கிட்ட இருந்து கவனித்தபோது கதை வேறாக இருந்தது. நாரை மேல் அலகால் நத்தையைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. கீழ் அலகின் கூர்நுனியை மூடியின் ஓரமாக உள்ளே விட்டு, சதையை ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுக்கிறது. பிறகு சதையை மட்டும் உருவி விழுங்குகிறது. ஓடு பெரும்பாலும் உடையாமல் அப்படியே கிடக்கும்! குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும்.

இப்போது கணக்குக்கு வருவோம். வெயிலைப் பிடித்து உணவாக்கத் தெரிந்தவை பாசியும் செடியும்தான். நாமெல்லாம் அவை சமைத்ததைத்தான் நேராகவோ சுற்றி வளைத்தோ சாப்பிடுகிறோம். பாசியிடம் 10,000 பங்கு ஆற்றல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை நத்தை தின்றால் நத்தையின் உடம்பில் சேர்வது ஏறக்குறைய 1,000 பங்கு. அந்த நத்தையை நாரை தின்றால் நாரையின் உடம்பில் சேர்வது 100 பங்கு. ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒன்றுதான் மேலே போகிறது. இது தோராயக் கணக்குதான். சில இடத்தில் இன்னும் குறையும், சில இடத்தில் கூடும்.

மீதி ஒன்பது பங்கு எங்கே போச்சு? கொஞ்சம் தின்னப்படாமலே போகும், கொஞ்சம் செரிக்காமல் எச்சமாக வெளியே வரும். மிச்சமெல்லாம் நகர, மூச்சுவிட, பறக்கச் செலவாகி, கடைசியில் சூடாக மாறிக் காற்றோடு கலந்துவிடும். பறவைகள் இதில் பெரிய செலவாளிகள். அவற்றின் உடம்புச் சூடு சுமார் 40 டிகிரி செல்சியஸ். மார்கழிப் பனியிலும் அந்தச் சூட்டைக் குறையாமல் காக்கவேண்டும். நத்தைக்கு அந்தக் கவலை இல்லை.

இப்படி ஒரு குளத்தையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று காட்டியவர் ரேமண்ட் லிண்டமன் என்ற அமெரிக்க இளைஞர். மினசோட்டா மாநிலத்தில் ஒரு சின்ன ஏரியில் பாசி, பூச்சி, மீன் எல்லாவற்றையும் வருஷக்கணக்காக அளந்தார். அவர் எழுதியதைப் பத்திரிகைக்கு அனுப்பினால், முதலில் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். 1942-இல்தான் அச்சில் வந்தது. அதே வருஷம், அது வெளிவருவதற்குச் சில மாதம் முன்பு, 26 வயதிலேயே லிண்டமன் இறந்துபோனார். இன்று நம் பாடப்புத்தகத்தில் இருக்கிற ஆற்றல் படிகளுக்கு அடிப்படை அந்தக் கட்டுரைதான்.

(பாடப்புத்தகம் என்றதும் ஞாபகம் வருகிறது. உணவுச் சங்கிலி வரையும்போது அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டு மார்க்கை இழக்காதீர்கள். அம்பு காட்டுவது ஆற்றல் போகிற திசையை. நத்தையிலிருந்து நாரைக்குத்தான் போடவேண்டும்.)

நத்தை வழியாக ஆற்றல் போவது குறுகிய வழி. மீன் வழியைப் பாருங்கள். பாசியை நீர்ப்பூச்சி தின்று, பூச்சியைப் பொடிமீன் தின்று, பொடிமீனை விரால் தின்று, விராலை ஒரு பறவை பிடித்தால்? பத்துப் பத்தாக வகுத்துக்கொண்டே வாருங்கள். 10,000 பங்கு ஒரே ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆற்றல் இப்படிக் கரைவதால்தான் மேல்படியில் கூட்டம் சேர்வதில்லை. ஏரியில் கூடு கட்டும் பறவைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். குஞ்சைத் தூக்க வட்டமிடும் பருந்துகள் கொஞ்சம்தான்.

சரி, எச்சத்துக்கு வருவோம். எச்சத்தில் அந்த வெள்ளைப் பகுதி இருக்கிறதே, அது யூரிக் அமிலம். அதில் நைட்ரஜன் இருக்கிறது. விவசாயி பாஷையில் தழைச்சத்து. மீன்முள்ளிலிருந்தும் சதையிலிருந்தும் பாஸ்பரஸ் வரும், அதாவது மணிச்சத்து. தண்ணீரில் விழுந்த எச்சத்தைக் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் பிரித்து மேய்ந்து, செடி உறிஞ்சக்கூடிய உப்புகளாக மாற்றும். எச்சத்தில் மிஞ்சியிருக்கிற ஆற்றல் அவற்றுக்குக் கூலி.

வேடந்தாங்கலில் ஒரு விசேஷம் உண்டு. பறவைகள் கூடு கட்டுவது இந்த ஏரியில், இரை தேடுவதோ பெரும்பாலும் சுற்று வட்டாரத்து ஏரிகளிலும் வயல்களிலும். இவ்வளவு வாய்களுக்கும் இந்த ஒரு சிறிய ஏரி சோறு போடமுடியாது. பல ஊர்ச் சேற்றிலிருந்த சத்து, நத்தையாகவும் மீனாகவும் வயிற்றுக்குள் ஏறிப் பறந்து வந்து, ஒரே தண்ணீரில் கொட்டுகிறது. மதகைத் திறந்தால் உரம் கலந்த தண்ணீர் வயலுக்குப் பாயும், நெல் அதை உறிஞ்சும். ஒரு நைட்ரஜன் அணு நெல்லில் இருந்து, வைக்கோலாகி, சாணமாகி, சேறாகி, மறுபடி பாசியாகி, நத்தையாகி நாரைக்குள் போகலாம். எத்தனை சுற்று வேண்டுமானாலும் வரலாம், தேயாது.

ஆற்றல் அப்படி வராது. நாரை சிறகடித்துச் செலவழித்த சூட்டைத் திரும்பப் பிடித்து எந்தப் பாசியும் உணவாக்க முடியாது. அதனால்தான் ஏரிக்கு உரம் எவ்வளவு இருந்தாலும், தினமும் புதிதாக வெயில் வந்தாக வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் மீன் வாங்கினால் ஒன்று செய்யுங்கள். அடுத்த தடவை கடைக்குக் கூடப் போய், மத்தி கிலோ என்ன விலை, வஞ்சிரம் கிலோ என்ன விலை என்று கேளுங்கள். மத்தி பெரும்பாலும் கடலில் மிதக்கும் நுண்பாசியையும் துளித்துளி உயிரிகளையும் தின்று வாழ்வது. வஞ்சிரம் அந்த மத்தியையும் நெத்திலியையும் துரத்தித் தின்பது. எது வலையில் கூட்டம் கூட்டமாகச் சிக்கும், எது அரிதாகக் கிடைக்கும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம். வஞ்சிரம் விலை கூடுவதற்கு முள் குறைவு என்பதும் ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாம் கொடுக்கிற காசில் ஒரு பகுதி, ஒரு படி மேலே ஏறும்போது கரைந்துபோன அந்த வெயிலுக்கு.