விரிசல் சிறிதாக இருக்கும்போதே...

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா முடித்துவிட்டு 1981ல் ரயில்வேயில் சேர்ந்து, முப்பத்தெட்டு ஆண்டுகள் தண்டவாளத்தோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன். பெண்களின் உடல்நலத்தைப் பற்றி எழுத உமக்கு என்ன தகுதி என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் அக்காவைக் காலம் கடந்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனவன் நான். அந்த ஒன்றைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை.

1995ஆம் ஆண்டு. திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவே உள்ள பாகாலாவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அத்தானை இழந்த அக்கா அரக்கோணத்திலிருந்து வந்து எங்களோடுதான் இருந்தாள். அம்மா இறந்தபின் என்னை வளர்த்தவள் அவள். ஒருநாள் சாப்பாடு பரிமாறும்போது, "கை தூக்கவே முடியலை தம்பி, தோள்ல இழுத்துப் பிடிக்குது" என்றாள். "தண்ணி தூக்கறதை நிறுத்து அக்கா, தைலம் தேய்ச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு நான் டிராலி ஏறப் போய்விட்டேன்.

வலி விடவில்லை. பக்கத்து ஊர் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் கடலோர ஆந்திரத்திலிருந்து வந்த இளைஞர். தெலுங்கும் ஆங்கிலமும் தெரியும், தமிழ் தெரியாது. அக்காவுக்கோ தமிழ் மட்டும்தான். நடுவில் நான் மொழிபெயர்ப்பாளன். "வேறு எங்காவது வலி, வீக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லை தம்பி, தோள்தான்" என்றாள். நான் சொன்னதை நம்பி அவர் வலி மாத்திரை எழுதித் தந்தார். அவர்மேல் பிழை சொல்ல மாட்டேன். அவர் கேட்ட கேள்வி அக்காவுக்குப் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்தாலும், பதில் சொல்ல முடியாதபடி எதிரே நான் உட்கார்ந்திருந்தேன்.

நாலு மாதம் கழித்துத் துணி துவைக்கும்போது அக்காவின் ரவிக்கையில் இரத்தக் கறையைப் பார்த்தவள் என் மனைவி. பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே வேலூர்ப் பக்கத்து நர்சம்மா ஒருவர், "நீங்க கொஞ்சம் வெளியே இருங்க சார்" என்று கதவைச் சாத்தினார். பத்தே நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்தது. மார்பில் கட்டி ஒன்றரை வருஷமாக இருந்திருக்கிறது. "இத்தனை நாள் ஏம்மா வீட்டில் சொல்லலை?" என்று கேட்டதற்கு, "தம்பிகிட்ட எப்படிம்மா சொல்றது?" என்றாளாம். டாக்டர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். அடுத்த தை மாதம் அக்கா போய்விட்டாள்.

எங்கள் இலாகாவில் கீமேன் என்று ஒரு ஊழியர் உண்டு. தினமும் தன் பகுதித் தண்டவாளம் முழுவதையும் நடந்தே பார்த்து வருவார். தளர்ந்த சாவியைச் சுத்தியலால் தட்டி இறுக்குவார். பிஷ்பிளேட், போல்ட் ஒவ்வொன்றையும் கவனிப்பார். விரிசல் தெரிந்தால் உடனே சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்திவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உள்விரிசலுக்கு அல்ட்ராசோனிக் கருவியைத் தண்டவாளத்தின்மேல் உருட்டிப் பார்ப்போம். கீமேன் சந்தேகப்பட்டு வண்டியை நிறுத்தி, கடைசியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலும் அவரை யாரும் ஏசுவதில்லை. "நல்ல வேளை, பார்த்தாயே" என்றுதான் சொல்வோம். நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. வலி என்று ஒரு பெண் சொன்னால், "இதுக்கெல்லாமா டாக்டர்?" என்கிறோம். அடுத்த தடவை அவள் வாய் திறப்பாளா?

சித்தூரிலிருந்து வேலூர் ஒரு மணி நேரப் பயணம். 1911ல் சித்தூர் தனி ஜில்லாவாகும் வரை இரண்டும் ஒரே வட ஆற்காடு ஜில்லா, சித்தூர்தான் தலைநகரம். அந்த ஜில்லாவின் ராணிப்பேட்டையில் 1870ல் பிறந்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார். இளம் பெண்ணாகத் திண்டிவனத்தில் தகப்பனாரோடு இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் வந்து பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியரைக் காப்பாற்றக் கேட்டார்களாம். அம்மையார் அப்போது மருத்துவம் படித்தவரல்லர். தகப்பனார் டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் தங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்க மூவருமே சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுதான் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பி டாக்டராக்கித் திரும்பக் கொண்டுவந்தது. 1900ல் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கினார். 1918ல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி. அதன் முதல் அணியில் 14 பெண்கள் 1922ல் தேறி வெளிவந்தார்கள். இன்றைய சி.எம்.சி. அப்படி வளர்ந்ததுதான்.

திருப்பதியிலும் வசதிகளுக்குக் குறைவில்லை. 1960ல் வந்த வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி, ரூயா மருத்துவமனை, அரசு மகப்பேறு மருத்துவமனை, ஸ்விம்ஸ், 2014ல் பெண்களுக்கென்றே தொடங்கிய பத்மாவதி மருத்துவக் கல்லூரி எல்லாம் ஒரே ஊரில் இருக்கின்றன. பெண் டாக்டர் இல்லையே என்று சொன்ன காலம் போய்விட்டது. ஆனாலும் வீட்டிலிருந்து மருத்துவமனை வரை போகிற தூரம் குறைந்ததாகத் தெரியவில்லை. வெட்கம், பயம், "செலவு வைக்கிறேனே" என்ற குற்ற உணர்ச்சி, பிற மாநிலத்தில் பாஷை தெரியாத தயக்கம் இவையெல்லாம் வழியில் கிடக்கின்றன.

அக்கா போனபின் நானும் என் மனைவியும் டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சகோதரிகளுக்குச் சொல்கிறேன். மார்பில் கட்டி, தோல் சுருக்கம், காம்பில் கசிவு எதுவானாலும் வலிக்கவில்லையே என்று விடாதீர்கள். ஆரம்பக் கட்டத்தில் மார்புப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். அப்படி வருகிறவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கும். ஆனால் அந்த ஒருவர் நீங்களா இல்லையா என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். முப்பது வயது கடந்தவர்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை அரசுத் திட்டத்திலேயே உண்டு. 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு அந்தப் புற்றுநோயைத் தடுக்கும் தடுப்பூசியும் இருக்கிறது. சோகையை அலட்சியப்படுத்தாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் வழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடியுமா?

உடம்புக்குச் சொன்னது பாதுகாப்புக்கும் பொருந்தும். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒரு வீட்டில் இரவில் சத்தம் கேட்கும். நாங்கள் எல்லோரும், நான் உட்பட, ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தோம். என் மனைவி மட்டும் ஒருநாள் அந்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டி, "உறைமோர் இருக்கா?" என்று கேட்டாள். சத்தம் நின்றது. பிறகு அடிக்கடி உறைமோர் தேவைப்பட்டது. அந்தப் பெண் தன் அண்ணனுக்குக் கடிதம் எழுதத் துணிந்தது அதன் பிறகுதான்.

மேற்சொன்ன கணக்கெடுப்பு இன்னொன்றும் சொல்கிறது. அடி உதைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான பெண்களில் 14 சதவீதம் பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் ஒருவரிடமும் சொல்லவேயில்லை. தனியாகக் கேட்பது கஷ்டம். கூடிக் கேட்டால் நடக்கும் என்று காட்டியவர்கள் பக்கத்து நெல்லூர் ஜில்லா பெண்கள். 1992ல் தூபகுண்டா கிராமத்தில், இரவு எழுத்தறிவு வகுப்பில் படித்த ஏழைப் பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அது சித்தூர் ஜில்லா உட்பட எங்கும் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தையே தடை செய்தது. 1995ல் வந்த முழு மதுவிலக்கு இரண்டே ஆண்டில் தளர்ந்தது வேறு கதை. ஆனால் குடித்துவிட்டு வந்து அடிப்பதை ஊர் விவகாரமாக்கியவர்கள் அந்தப் பெண்கள்தான்.

இன்று சட்டத் துணையும் உண்டு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கிறது. அடிப்பது மட்டுமல்ல, இழிவாகப் பேசுவது, செலவுக்குப் பணம் தராமல் வாட்டுவது, வீட்டை விட்டு விரட்டுவது எல்லாம் அதில் அடங்கும். பெண்கள் உதவிக்கு 181, எந்த ஆபத்துக்கும் 112, ஆம்புலன்சுக்கு 108, ரயிலில் தொல்லை என்றால் 139. எந்த ஊர்க் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. அடைக்கலம், மருத்துவம், சட்ட ஆலோசனை மூன்றையும் ஒரே இடத்தில் தரும் 'சகி' மையங்கள் 2015 முதல் ஏற்பட்டுள்ளன. இந்த எண்களைப் பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே எழுதி வையுங்கள்.

நிறைவாக ஒன்று. 2014ல் நாங்கள் திருப்பதியில் இருந்தோம். மாதவிலக்கு நின்று மூன்று ஆண்டுகள் ஆன என் மனைவி, ஒரு காலை காப்பியைக் கொடுத்துவிட்டு, "என்னங்க, நேத்து லேசா பட்டிருக்கு. இன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும்" என்றாள். போனோம். மருத்துவமனை வாசலில், "நீங்க இங்கேயே இருங்க. உள்ளே டீச்சரம்மா வரட்டும்" என்றாள். பக்கத்து வீட்டுத் தெலுங்கு டீச்சரம்மாவை முதல் நாளே துணைக்குக் கூப்பிட்டு வைத்திருந்தாள் போலிருக்கிறது. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஸ்கேன், திசுப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை. கர்ப்பப்பையை எடுத்தார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இந்தக் கட்டுரையை முதலில் படித்து எழுத்துப் பிழை திருத்தியவள் அவள்தான்.

அயலூரில் வாழும் நம் குடும்பங்களுக்கு மொழிதான் முதல் தடை. டாக்டர் முன் கணவனோ, தம்பியோ, பள்ளிப் பிள்ளையோ மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தால் பாதி வியாதி வெளியே வராது. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் சிறப்பாக நடத்தும் நம் சங்கம் இதையும் செய்யலாமே! உள்ளூர் பாஷை தெரிந்த நாலைந்து சகோதரிகள் முன்வந்தால் போதும். மருத்துவமனைக்கோ காவல் நிலையத்துக்கோ துணைக்கு வர அவர்கள் தயார் என்று எல்லாக் குடும்பங்களுக்கும் தெரிவித்துவிடலாம். காசு செலவில்லை, ஒரு மாலை நேரக் கூட்டம் போதும்.

ஆண்களாகிய நமக்கும் வேலை உண்டு. வீட்டில் ஒரு பெண் "வலிக்குது" என்றால் கையிலிருக்கும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்போம். சொல்லத் தயங்கினால், சொல்லக்கூடிய ஒருவரிடம் அழைத்துப் போய்விட்டு வாசலில் உட்காருவோம். அன்று நான் எழுந்து வெளியே போயிருந்தால் அக்கா சொல்லியிருப்பாள்.