புழல் பங்க்கில் ஓர் இயற்பியல் வகுப்பு

சென்னையில் கே.கே. நகரிலோ அசோக் பில்லர் பக்கத்திலோ பெட்ரோல் போடும்போது பார்த்திருப்பீர்கள்: டேங்க் நிரம்பியதும் நாசில் தானாக 'டக்' என்று நின்றுவிடும். நிரம்பியது அதற்கு எப்படித் தெரிகிறது? கேமரா இல்லை, சென்சார் இல்லை. நாசிலின் நுனியருகே சின்ன ஓட்டை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கைப்பிடிவரை போகிறது. குறுகலான வழியில் வேகமாகப் பாயும் திரவம் அக்கம்பக்கத்துக் காற்றை இழுத்துக்கொள்ளும். இத்தாலிய அறிஞர் வெஞ்சுரி 1797-இல் எழுதிவைத்த இந்தக் குணத்துக்கு வெஞ்சுரி விளைவு என்று பெயர். பெட்ரோல் பாயும்வரை ஓட்டை வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும். பெட்ரோல் மட்டம் ஏறி ஓட்டையை அடைத்ததும் காற்று வரத்து நின்றுபோகும். உடனே அந்த இழுவிசை கைப்பிடிக்குள் இருக்கும் ரப்பர் சவ்வைப் பிடித்து இழுக்க, சவ்வு கொக்கியைக் கழற்றிவிடுகிறது. அதுதான் அந்த 'டக்'.

இந்த நாசிலைப் பிடித்துத் தொழில் பழகுகிறவர்களில் சிறைக் கைதிகளும் உண்டு. கே.கே. நகரிலிருந்து நூறடி சாலையில் வடபழனி, கோயம்பேடு, பாடி, ரெட்டேரி என்று வடக்கே போனால் புழல். அங்கே தமிழ்நாடு சிறைத்துறையும் இந்தியன் ஆயிலும் சேர்ந்து 2023 ஆகஸ்டில் ஒரு பங்க் திறந்தன. நடத்துபவர்கள் பெண் தண்டனைக் கைதிகள். இந்தியாவில் இப்படியொரு பங்க் அதுதான் முதல். ஆண் கைதிகள் நடத்தும் 'ஃப்ரீடம்' பங்க்குகள் அதற்கு முன்பே பல ஊர்களில் வந்துவிட்டன. நன்னடத்தை பார்த்துத்தான் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேலைக்குக் கூலி உண்டு. கைதிகளின் கூலியில் 20 சதவீதம், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் போகிறது.

பெட்ரோல் போடுவதில் கற்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் தரைக்கடியில் இருக்கும் தொட்டியை யோசித்துப் பார்க்க வேண்டும். அது படுக்கவைத்த உருளை. அதற்குள் 'டிப் ராட்' என்ற அளவுகோலை இறக்கி, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பாதி உயரம் நனைந்தால் பாதித் தொட்டி, சரி. கால்வாசி உயரம் நனைந்தால்? கால் தொட்டி இல்லை, ஏறக்குறைய 20 சதவீதம்தான். உருளை அடியில் குறுகி நடுவில் அகலமாக இருப்பதால், நடுவில் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும் பெட்ரோல் அடியில் அடங்காது. அதனால் ஒவ்வொரு தொட்டிக்கும் தனி அட்டவணை உண்டு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவரும் இந்த வடிவியலைப் படித்தே ஆக வேண்டும்.

அடுத்து வெயில். பெட்ரோல் ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 0.1 சதவீதம் விரிகிறது. 12,000 லிட்டர் ஏற்றிய டேங்கர் லாரி 10 டிகிரி சூடேறினால் சுமார் 120 லிட்டர் 'கூடிவிடும்'. ஒரு ஸ்கூட்டரின் டேங்கை இருபது தடவை நிரப்பும் அளவு இது. ஆனால் உள்ளே ஒரு சொட்டுகூடப் புதிதாக வரவில்லை. ஆகவே லிட்டரை மட்டும் நம்ப முடியாது, அடர்த்தியையும் பார்க்க வேண்டும். ஹைட்ரோமீட்டர் என்கிற அடர்த்திமானி, அடியில் எடை வைத்த கண்ணாடிக் குழல். கனமான திரவத்தில் உயர்ந்து மிதக்கும், லேசான திரவத்தில் தாழும். அது காட்டும் எண்ணை, வெப்பநிலையோடு சேர்த்து, 15 டிகிரியில் எவ்வளவு இருக்கும் என்று அட்டவணையில் பார்த்து மாற்றுகிறார்கள். சென்னை அநேகமாக எட்டிப்பார்க்காத குளிர் அது! லாரியோடு வந்த சீட்டில் இருக்கும் அடர்த்திக்கும் இங்கே அளந்ததற்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

மழைக்காலத்தில் வேறொரு கவலை. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். தொட்டிக்குள் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் கசிந்துவிட்டால், எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் போய்த் தங்கிவிடும். அதனால்தான் டிப் ராட்டின் நுனியில், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையைத் தடவி இறக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்திருக்கும் வேதியியலை ஒரு விரல் பசை வெளியே கொண்டுவந்துவிடுகிறது.

சிறைக்குள் படிப்பும் தொழிலும் தந்தால் பலன் உண்டா என்பதையும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2013-இல் பல ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சிறையில் கல்வி பெற்றவர்கள் மீண்டும் சிறைக்கு வரும் விகிதம் 13 சதவீதப் புள்ளிகள் குறைவு. கல்விக்கு ஒரு டாலர் செலவிட்டால், விடுதலைக்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளில் சிறைச் செலவில் 4 முதல் 5 டாலர்வரை மிச்சம்.

பங்க் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. 'ஜெயிலுக்குப் போனவங்க' என்றாலே ஊர் நம்பத் தயங்கும். இந்தத் தொழிலில் அந்த நம்பிக்கையைக் கருவி கொண்டு சோதித்துவிடலாம். எடையளவுத் துறை முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குடுவை ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். சந்தேகப்படும் வாடிக்கையாளர் யாரும் அதில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். 5 லிட்டருக்கு 25 மில்லி லிட்டர்வரைதான் வித்தியாசம் இருக்கலாம். கே.கே. நகர் பங்க்குக்கும் புழல் பங்க்குக்கும் ஒரே குடுவை, ஒரே கோடு.